பத்தாவது சோதனை

இருபத்து மூன்று வருடம் போலீஸில் இருந்த தணிகாசலம், அந்த வேலையை உதறிவிட்டு, பொய் கண்டறியும் கருவியை இயக்கப் படிக்க வந்தார். சொல்லிக்கொடுத்தவர் மெஹருன்னிசா, அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். "இந்தப் பொண்ணுகிட்டயா?" என்று முதல் நாள் முணுமுணுத்த மனுஷன், இரண்டாம் வாரத்திலிருந்து வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பயிற்சி நிலையத்தில் விதி கறாரானது. ஆசிரியர் முன்னிலையில் பத்துச் சோதனை நடத்தி, பத்திலும் முடிவு சொன்னால்தான் லைசென்ஸ். 'முடிவு சொல்ல இயலவில்லை' என்று எழுதினால் அந்தச் சோதனை சேராது. தணிகாசலம் ஒன்பது முடித்திருந்தார். அன்றைக்குப் பத்தாவது. பயிற்சிக்கும் அதுதான் கடைசி நாள். விட்டால் அடுத்த வருடம்தான்.

வந்தவர் மாசிலாமணி, ஒரு பள்ளிக்கூடத்து வாட்ச்மேன். பூட்டிய அறையிலிருந்து கேள்வித்தாள் வெளியே போயிருந்தது. சந்தேகம் தன் மேல் என்றதும் அவரே சம்மதித்துச் சோதனைக்கு வந்தார்.

சோதனை முடிந்து அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். கீழே போலீஸ் ஜீப் காத்திருந்தது.

தணிகாசலம் அறிக்கையை நீட்டினார்.

"பொய் சொல்றான் மேடம். 'கதவைத் திறந்தது நீயா'ன்னு கேட்டதும் கோடு எகிறுது பாருங்க. மூணு தடவையும்!"

மெஹருன்னிசா பேனாவை எடுக்கவில்லை.

"அந்த நாற்காலியில உக்காருங்க சார்."

"நானா? ஜீப் நிக்குது மேடம்."

"நிக்கட்டும்."

மெஹருன்னிசா அவர் மார்பில் பட்டையைக் கட்டினார். விரல்களில் கிளிப்பை மாட்டினார்.

"உங்க பேரு தணிகாசலமா?"

"ஆமா."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமையா?"

"ஆமா."

திரையில் கோடு சீராக ஓடியது.

மெஹருன்னிசா தன் நாற்காலியைக் கரகரவென்று முன்னால் இழுத்தார். முழங்கால் இடிக்கிற அளவுக்கு நெருங்கி, குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாக அழுத்தினார்.

"அந்தக் கதவைத் திறந்தது நீங்களா?"

"இல்லை!"

கோடு எகிறியது.

"அட, நான் அந்தப் பள்ளிக்கூடத்தையே பார்த்ததில்லையே மேடம்!"

"தெரியும். நீங்க அவர்கிட்ட கேட்ட மாதிரியேதான் கேட்டேன்."

தணிகாசலத்தின் முகம் சுண்டிப்போயிற்று. பேர் கேட்கிற குரலிலேயே குற்றத்தையும் கேட்க வேண்டும் என்பது இங்கே முதல் பாடம். எழுத்துத் தேர்வில் அதற்கு முழு மார்க் வாங்கியவர் அவர். ஆனால் ஸ்டேஷனில் பழகிய உடம்பு, மாசிலாமணியிடம் அந்தக் கேள்வி வந்ததும் தன்னால் நாற்காலியை இழுத்திருந்தது.

"அப்போ அவர் திறக்கலையா?"

"தெரியாது."

"திறந்திருக்கலாமா?"

"தெரியாது சார். உங்களுக்கும் தெரியாது."

கதவு இடுக்கு வழியே பெஞ்சு தெரிந்தது. மாசிலாமணி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"மறுபடி ஒரு தடவை கேட்டுப் பாக்கட்டுமா மேடம்?"

"இப்ப அவருக்கு உங்களைக் கண்டாலே பயம். இன்னிக்கு முடியாது."

"முடிவு தெரியலைன்னு எழுதினா எனக்கு ஒன்பதுதான்."

"ஒன்பதுதான்."

"இருந்த வேலையையும் விட்டுட்டு வந்திருக்கேன். வீட்ல என்னன்னு சொல்வேன்?"

கீழே ஜீப்பிலிருந்து ஹாரன் அடித்தார்கள். மறுபடியும் அடித்தார்கள்.

தணிகாசலம் பட்டையைக் கழற்றினார். 'பொய்' என்று எழுதியிருந்ததை அடித்தார். 'முடிவு சொல்ல இயலவில்லை' என்று எழுதினார். எழுதி முடித்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் நாற்காலியை இழுத்தப்ப நீங்க இதே அறையிலதானே இருந்தீங்க? பார்த்தீங்க இல்ல?"

"பார்த்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தியிருக்கலாமே! ஏன் மேடம் நிறுத்தல?"

மெஹருன்னிசா அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"லைசென்ஸ் வாங்கினப்புறம் நீங்களும் அந்த ஆளும் மட்டும்தான் அறையில இருப்பீங்க. அப்போ யார் சார் நிறுத்துவா?"