சோளக்கூழை அளந்த கதை

நாக்கை அறுக்கக் கத்தி தீட்டுகிற சத்தம் பக்கத்திலேயே கேட்டால் எவருக்குத்தான் பேச்சு வரும்? பாளையக்காரர் முன்னால் நின்ற கூழ்க்காரி மாசாணி, கத்தியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

போரில் அடிபட்டு ஓய்ந்த கிழட்டு வீரர்களுக்கு அரண்மனையில் கூழ் ஊற்றுகிறவள் அவள். "வெறும் சோளக்கூழ்ல கிழவருங்களுக்குச் சதை வத்திப்போகுது. முன்னமாதிரி பயறும் போடணும்" என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

அரண்மனைக் களஞ்சியத்தைக் கவனிக்கும் மணியக்காரர் வீரபாகுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கும் அந்த வீரர்கள் வயதுதான். "சோளத்துல சத்து இல்லையா? அந்தச் சத்தைச் சபையில அளந்து காட்டு. இல்லேன்னா நாக்கு போயிடும்!"

மாசாணி பாளையக்காரரைப் பார்த்துக் கும்பிட்டாள். "அளந்துடலாம் மகாராசா. ஆனா கூழோட சத்தைப் படியில அளக்க முடியாது, குடிச்ச உடம்புலதான் அளக்கணும். அதுவும் வயசான உடம்பா வேணும். வீரருங்க சொன்னா பொய்ம்பாங்க. மணியக்காரரே ஒரு மாசம் அந்தக் கூழை மட்டும் குடிக்கட்டும். அப்புறம் தரையில உக்காந்து, கையூனாம எந்திரிக்கட்டும். எந்திரிச்சுட்டா என் நாக்கை எடுத்துக்குங்க."

பாளையக்காரர் மீசையைத் தடவினார். "சரியாத்தான் சொல்றா. மணியக்காரரே, இன்னைக்கே ஆரம்பியும்."

மணியக்காரர் முகம் வெளுத்துத் தடாலென்று காலில் விழுந்தார். "ஐயோ, வேண்டாம் மகாராசா! அதை மட்டும் குடிச்சா நான் படுத்த படுக்கையாயிடுவேன். பயறையெல்லாம் என் வீட்டுக்குக் கொண்டுபோனது நான்தான்!"

கத்தி தீட்டும் சத்தம் நின்றது. மாசாணி சொன்னாள்:

"பாருங்க மகாராசா, ஒரு வாய்கூடக் குடிக்காமலே அளந்துட்டாரு."