எறும்புக்கு முதல் பிடி

அந்தக் காலத்தில், ஆடு கூப்பிட்டால் ஆள் திரும்பிப் பதில் சொன்ன காலத்தில், கரிசல் காட்டோரம் ஓர் ஊர் இருந்தது. அங்கே ஒரு பெண் பெரியவளானால் தாய்மாமன் வந்து முற்றத்தில் பச்சை ஓலையால் குச்சில் என்னும் சிறு குடிசை கட்டி அவளை உட்கார வைப்பான். சடங்கு நாளில் தினைமாவில் கருப்பட்டி போட்டு இனிப்புக் கட்டி செய்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பதும் அவன் பொறுப்புதான். ஆடு, காக்கை, எறும்பு எல்லாமே விருந்தாளிகள். கடைசி விருந்தாளியும் “நிறைஞ்சது” என்று சொன்ன பிறகுதான் பெண் குச்சிலை விட்டு வீட்டு வாசற்படி மிதிக்கலாம். பொழுது சாய்ந்துவிட்டால் அன்றைக்குக் கிடையாது, இன்னும் ஓர் இரவு குச்சிலில்தான்.

எல்லாரையும் காக்க வைப்பவை எறும்புகள். பாவம், வேண்டுமென்று செய்வதில்லை. பிசுபிசுத்த கட்டியில் வாய் வைத்த எறும்பு கால் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை இழுக்க வந்த எறும்பும் ஒட்டிக்கொள்ளும். அதற்குள் பொழுது போய்விடும்.

சடையாண்டியின் அக்கா மகள் பூவாயிக்குச் சடங்கு வந்தது. வழக்கமாக மாவு பிசையும் அவன் பெண்டாட்டி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். மாவைத் தொட வேண்டியவன் அவனே. ஊருக்கெல்லாம் அதில்தான் சிரிப்பு. ஏனென்றால் போன அறுப்புத் திருநாளில் அவன் பிசைந்த மாவு கூழாகி, உறவெல்லாம் தட்டைத் தூக்கிக் குடித்திருந்தது.

“ஏலே, இன்னைக்கும் குடிக்கத்தான் தருவியா? தட்டு எதுக்கு, செம்பு எடுத்தாரேன்” என்றாள் அக்கா மாடத்தி.

சடையாண்டி சிரிக்கவில்லை. மேற்கே மேகம் கறுத்து நின்றது. குச்சிலுக்குள் பூவாயி குளிர்சுரத்தில் சுருண்டிருந்தாள். அவன் கட்டிய கூரை வெயிலுக்குத் தாங்கும், மழைக்குத் தாங்காது. அது அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

“மாமா, இன்னைக்காவது வீட்டுக்குள்ள படுப்பேனா?” என்று உள்ளிருந்து கேட்டாள்.

“படுப்பத்தா, மாமன் இருக்கேன்ல” என்றான். சொல்லிக்கொண்டே மேகத்தை அண்ணாந்து பார்த்தான்.

மாவைப் பரப்பினான். மறுபடியும் கூழாகிவிடுமோ என்ற பயத்தில் செம்பைச் சாய்க்கவே கை வரவில்லை. விரல் நுனியில் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தெளித்தான். பிடித்துப் பார்த்தான், பிடி நின்றது. விரலால் தொட்டான், பொலபொலவென்று உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றலாமா என்று யோசிப்பதற்குள் இடி இடித்தது.

“மாமோய், மழை வருது!” என்று கத்தியது வாசலில் கட்டியிருந்த வெள்ளாடு.

வருவது வரட்டும் என்று அடுப்பில் கொதித்த பானையின் வாயில் துணியை வேடு கட்டி, உதிரி மாவை அப்படியே அதன்மேல் கொட்டி மூடினான். ஆவி வந்ததும் திறந்து பார்த்தான். கட்டியாகவே இல்லை. மணல்போல் குவிந்து கிடந்தது.

மாடத்தி தலையில் அடித்துக்கொண்டாள். “கூழ் போயி மண்ணு வந்திருச்சா? இத யாருலே திம்பா?”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கருப்பட்டியைத் தட்டிப் போட்டான், தேங்காயைத் துருவிப் போட்டான், ஏலக்காயைப் பொடித்துத் தூவினான். விருந்துக்கு வந்தவர்கள் தயங்கித் தயங்கி வாயில் போட்டார்கள். பிறகு இன்னொரு கை அள்ளிப் போட்டு மென்றார்கள். ஆடு தின்று “நிறைஞ்சது” என்றது. காக்கை கொத்தி “நிறைஞ்சது” என்றது. முதல் தூறல் சடையாண்டியின் முதுகில் விழுந்தது.

அவன் ஒரு பிடியை இலையில் எடுத்து எறும்புப் புற்றருகே வைத்துக் கும்பிட்டான். “தாயே, சீக்கிரம். என் பிள்ள நனையப் போறா.”

எறும்புகள் வந்தன. முன்னால் வந்தது ஒரு பருக்கையைத் தொட்டுப் பார்த்தது. கால் ஒட்டவில்லை. தூக்கியது, பருக்கை கூடவே வந்தது. அது நடந்தது, பின்னால் வந்தது இன்னொரு பருக்கையை எடுத்தது. அவன் நெற்றி வேர்வையைத் துடைத்து முடிப்பதற்குள் இலை காலி.

“இத்தனை காலம் எங்களை ஏன்யா அந்தப் பசையில அழுத்துனீங்க?” என்று கேட்டது கடைசி எறும்பு. பிறகு, “நிறைஞ்சது மாமா, பிள்ளைய உள்ள கூட்டிட்டுப் போ” என்றது.

சடையாண்டி குச்சிலுக்கு ஓடினான். போர்வையோடு சேர்த்துப் பூவாயியைத் தூக்கி வந்து படியருகே இறக்கினான். அவள் காலெடுத்து உள்ளே வைத்தாள். மழை கொட்டியது. அவர்கள் பார்த்திருக்கும்போதே குச்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்து முற்றத்து நீரில் படுத்தது. மாடத்தி மகளை அடுப்பருகே உட்கார வைத்து, அதே “மண்ணை” ஒரு கிண்ணம் அள்ளி ஊட்டினாள். தம்பிக்கும் ஒரு கை ஊட்டினாள். அவன் தின்னக்கூட முடியாமல் சிரித்துக்கொண்டே அழுதான்.

அன்று முதல்தான் சடங்கு வீடுகளில் கட்டிக்குப் பதில் புட்டு அவிக்கிறார்கள், தண்ணீரை ஊற்றாமல் தெளிக்கிறார்கள், நன்றிக்கு முதல் பிடியை எறும்புக்கு வைக்கிறார்கள். எறும்புகள் இப்போது பேசுவதில்லை. ஆனாலும் அவை பருக்கையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்ததும் தாய்மாமன் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, “வாத்தா உள்ள” என்று பெண்ணைக் கூப்பிடுகிறான்.