வஜ்ரகேது இறந்த நாள்

"இப்பல்லாம் யாரும் சாக மாட்டேங்கிறாங்க, குருவே," என்று முறையிட்டார் சிவகடாட்சம்.

குரு ஓர் ஆதார் அட்டையைக் கண்ணாடிமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னும் பின்னுமா?" என்றார் குரு.

"எது?"

"உன்னைக் கேக்கல. சாரைக் கேட்டேன்."

முன்னால் நின்ற சார், "ஆமாங்க, ரெண்டும் ஒரே பக்கத்துல," என்றார்.

சீடர் காத்திருந்தார்.

குருவின் பெயர் ஹமீதா. திருச்சியில் ஒரு கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வயது அறுபது. சீடருக்கும் அறுபதுதான். கணக்குப் பார்த்தால் சீடர் இரண்டு மாதம் மூத்தவர்.

இருந்தாலும் குரு குருதான். அது எப்படி என்று சொல்லிவிடுகிறேன்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே கடை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டாக இருந்தது. ஹமீதாவின் அத்தா நடத்தினார். ஹமீதாவின் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். ஒரு முறை லீவில் வந்தபோது ஒரு விளையாட்டுப் புத்தகம் கொண்டுவந்தார்.

பலகை கிடையாது. காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார்: குகை, கதவு, கதவுக்குப் பின்னால் பூதம். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரன். தன் வீரன் என்ன செய்கிறான் என்று அவரவர் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்று பகடை சொல்லும்.

பகடைக்கு இருபது முகம் வேண்டும் என்றது புத்தகம். அன்றைய திருச்சியில் இருபது முகத்துக்கு எங்கே போவது? ஒன்று முதல் இருபது வரை சீட்டு எழுதி, பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கினார்கள்.

கதை சொல்கிறவருக்குக் குரு என்று பெயர் வைத்தார்கள். விளையாடுகிறவர்கள் சீடர்கள்.

கேட்டதற்கு மட்டும்தான் குரு பதில் சொல்வார். சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"நீ என்ன பண்றே?"

முதல் குரு ஹமீதா. அந்தப் பட்டத்தை அவரிடமிருந்து யாரும் திரும்ப வாங்கவில்லை.

ஆனால் ஒன்று. சிவகடாட்சம் அந்தக் காலத்தைப் பற்றி ஆரம்பிக்கும்போதெல்லாம், "நாங்க பசங்க மூணு பேரு," என்றுதான் ஆரம்பிப்பார். குகையைத் தோண்டியது யார், கதவை வைத்தது யார், பூதத்துக்குக் குரல் கொடுத்தது யார் என்று மடக்கிக் கேட்டால், "ஆங், ஹமீதாவும் இருந்தா," என்பார்.

இருந்தாளாம்.

ஆதார் அட்டைக்காரர் போனார்.

"இப்ப சொல்லு," என்றார் குரு.

"அந்தப் பொண்ணு தேதி எழுத மாட்டேங்குது."

அந்தப் பொண்ணு என்பது நிறைமதி. சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அவளும் அவள் ஹாஸ்டல் தோழிகள் இருவரும் ஞாயிறுதோறும் மூன்று மணிக்குச் சிவகடாட்சத்தின் வீட்டுக்கு விளையாட வருவார்கள். அங்கே அவர்தான் குரு.

மூவரிடமும் இருபது முகப் பகடை இருந்தது. ஊதாவில் ஒன்று, கண்ணாடி மாதிரி ஒன்று, இருட்டில் மினுங்குகிற ஒன்று. சிவகடாட்சம் அவற்றைப் பைக்குள் போடச் சொல்லிவிட்டுப் பிஸ்கட் டின்னை எடுப்பார். "அந்தக் காலத்துல," என்பார். மூவரும் பொறுத்துக்கொண்டார்கள்.

பொறுக்க முடியாதது மூன்று வாரம் முன்பு நடந்தது. நிறைமதி ஒன்றரை வருஷமாக விளையாடிய வீராங்கனை, கொற்றி என்று பெயர், ஒரு பள்ளத்தில் விழுந்து செத்துப்போனாள்.

அவர்கள் வழக்கப்படி, வீரன் செத்தால் சீடரே தன் கையால், வீரனுடைய பெயரும் பலமும் எழுதிய தாளில் தேதி எழுத வேண்டும். தாளின் அடியில் அதற்கென்றே ஒரு கோடு உண்டு. இறந்த நாள்.

நிறைமதி எழுதவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தோழிகளும் கூடவே எழுந்து போனார்கள்.

மூன்று ஞாயிறாக வீட்டில் பிஸ்கட் டின் மட்டும்தான் இருந்தது. பழைய சீடர்களில் ஒருவர் கனடாவில் பேரனைப் பார்த்துக்கொள்கிறார். இன்னொருவர் இப்போது இல்லை. இந்த மூன்று பெண்களும் வராவிட்டால் சிவகடாட்சம் யாருக்குக் கதை சொல்வார்?

"நீங்க ஒரு வார்த்தை சொல்லணும், குருவே. செத்தா செத்ததுதான்னு. நீங்க சொன்னா கேப்பா."

"எங்க அவ?"

"வரச் சொல்லியிருக்கேன்."

நிறைமதி வாசலில்தான் நின்றாள். கையில் ஃபைல்.

"வந்தது தீர்ப்புக் கேக்க இல்ல, மேடம்," என்றாள். "என் தரப்பைச் சொல்ல."

"சொல்லு."

"கொற்றி ஒரு குகைப் பாதையில நடந்து போறா. பள்ளம் இருக்கு. விழுந்துட்டாங்கிறார். ஏன்னு கேட்டா, 'கீழ பாக்கிறேன்'னு நான் சொல்லலையாம்."

"சொல்லலையே!" என்றார் சிவகடாட்சம்.

"எந்த மனுஷி அங்கிள் நடக்கும்போது 'கீழ பாக்கிறேன், கீழ பாக்கிறேன்'னு அறிவிச்சுக்கிட்டே நடப்பா? நீங்க இப்ப பஸ் ஸ்டாப்புலேர்ந்து நடந்து வந்தீங்களே, சொல்லிக்கிட்டா வந்தீங்க?"

"குகையில சொல்லணும்."

"மூச்சு விடுறேன்னும் சொல்லணுமா?"

"பாருங்க குருவே, இதான். எதுக்கும் வாதம். அந்தக் காலத்துல நாங்க வாதமா பண்ணோம்? செத்தியா, செத்தோம். தேதிய எழுதினோம். அடுத்த வீரனை எடுத்தோம். நெஞ்சுல உரம் இருந்துச்சு. இதுங்க தன் ஆளுக்கு ஒரு கீறல் விழுந்தாக்கூடக் கண்ணு கலங்குதுங்க."

"அதுங்க, இதுங்க வேண்டாம் அங்கிள்."

"சரிம்மா. இவங்க."

"நான் கலங்கல. கோவப்பட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ரெண்டும் வேற வேற. வேணும்னா அதையும் வாதாடலாம்."

ஒரு மாணவன் எட்டிப் பார்த்தான். "அக்கா, ஸ்பைரல் பைண்டிங்?"

"அரை மணி நேரம் ஆகும்."

மாணவன் போய்விட்டான்.

"கடாட்சம், கையில என்ன?" என்றார் குரு.

சிவகடாட்சத்தின் முகம் மலர்ந்தது. கேட்க மாட்டார்களா என்றுதான் இவ்வளவு நேரமும் அதை மார்போடு அணைத்து வைத்திருந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பழுப்புத் தாள்.

"வஜ்ரகேது," என்றார்.

அவருடைய வீரன். ஒரே வீரன். தாள் இந்த இன்ஸ்டிடியூட்டிலேயே தமிழ் டைப்ரைட்டரில் அடித்தது. பெயர், பலம், புத்தி, ஆயுதம், எல்லாம் வரிசையாக. எண்களை மட்டும் பென்சிலில் எழுதியிருந்தார்கள்.

"இதுல மூணு காப்பி போடுங்க. ஆளுக்கொண்ணு குடுக்கப் போறேன். நிஜமான விளையாட்டுன்னா என்னன்னு தெரியட்டும்."

"உறையை எடுக்கணும்."

"எடுக்கணுமா?"

"வெளிச்சம் பட்டா பளபளக்கும். ஒண்ணும் தெரியாது."

சீடர் தயங்கித் தயங்கித் தாளை உருவினார். குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்தார்.

குரு அதைக் கவிழ்த்து, மூடியைச் சாத்தி, பட்டனை அழுத்தினார்.

முதல் காப்பி வந்தது. பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"பாத்தியாம்மா? நேத்து அடிச்ச மாதிரி இருக்கு. நாப்பது வருஷம். அடியில பாரு, இறந்த நாள். காலி. வஜ்ரகேது சாகவே இல்ல. ஏன்னு கேளு."

"ஏன்?"

"நான் ஒழுங்கா விளையாடினேன்."

நிறைமதி மூச்சை இழுத்தாள். ஆனால் அதற்குள் குரு இயந்திரத்தின் ஓரத்தில், கருமையைக் கூட்டுகிற பட்டனை நாலைந்து தடவை தட்டினார். மூடியைத் திறந்தார். திறந்தே விட்டார்.

"மூடலையே?" என்றார் சீடர்.

குரு பட்டனை அழுத்தினார். வெளிச்சம் கூரையில் ஓடியது.

இரண்டாவது காப்பி ஒரே கருமை. பழுப்பெல்லாம் சாம்பலாக, மடிப்பெல்லாம் கோடாக. அடியில், இறந்த நாள் என்ற எழுத்துக்குப் பக்கத்தில், சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம்.

"இது என்ன?" என்றாள் நிறைமதி.

"அது ஒண்ணுமில்ல. தாள்ல சின்ன ஓட்டை. பூச்சி அரிச்சிருக்கு."

"எந்தப் பூச்சி?"

"புஸ்தகத்துல இருக்குமே, வெள்ளையா, வழுவழுன்னு. ராமபாணம்."

"அங்கிள், அது ஓரத்துலேர்ந்துதானே திங்கும்? இது ஓரத்தைத் தொடாம உள்ள தள்ளி இருக்கு. அதுவும் சரியா அந்த ஒரு கோட்டுல. பெயரைத் தொடல, பலத்தைத் தொடல. படிச்ச பூச்சியா?"

"பூச்சிக்கு எங்க பசிக்குதோ அங்க திங்கும்."

நிறைமதி காப்பியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். அதற்குத் தேவையே இல்லை. குரு போதுமான அளவு கருமை வைத்திருந்தார். வட்டத்தைச் சுற்றி, அழித்த பென்சில் எழுத்துகள் எல்லாம் எழுந்து வந்திருந்தன.

"பதினாலு, நாலு," என்று படித்தாள். "ரெண்டு, ஆறு. இது... ஒம்பது, ஆறு. இருபத்தொண்ணு, எட்டு. மறுபடியும் இருபத்தொண்ணு, எட்டு."

சிவகடாட்சம் எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் உங்க கையெழுத்துதானே, அங்கிள்?"

சிவகடாட்சம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டு பார்த்தார். தேதிகள் அங்கேயே இருந்தன.

ஒன்பதை அடியில் வளைக்காமல் நேராக இழுக்கிற ஆள் அந்த மூன்று பேரில் அவர் ஒருவர்தான்.

"குருவே," என்றார். "ஒரே நாள்ல ரெண்டு தடவை எப்படி?"

"மத்தியானம் ஒரு தடவை. டீக்கப்புறம் ஒரு தடவை."

"இதை யார் அழிச்சது?"

"நீதான்."

"ரப்பர்?"

"நான் குடுத்தேன்."

அது டைப் அடிக்கிறவர்களின் ரப்பர். பென்சிலை அழிக்கச் செய்ததல்ல, மையைச் சுரண்டச் செய்தது. கல் மாதிரி இருக்கும். எழுத்தோடு தாளையும் தின்னும்.

"நானா கேட்டேன்?"

"இல்ல. நீ ஒண்ணும் கேக்கல. டீ குடிக்கல, பேசல. அந்த மூலை டைப் மெஷினுக்குப் பின்னால போய் உக்காந்துக்கிட்டே."

சிவகடாட்சம் அந்த மூலையைப் பார்த்தார். இப்போது அங்கே ஏ-ஃபோர் தாள் கட்டுகள் அடுக்கியிருந்தன.

"அழுதேனா?"

"கேக்கிறியா?"

நிறைமதி சட்டென்று தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எதிர்த் தரப்பு என்றாலும் அவளுக்கு மரியாதை தெரியும்.

"கேக்கிறேன்."

"அழுதே."

"எத்தனை தடவை?"

"தேதிய எண்ணிக்கோ."

மின்விசிறி சுற்றியது. வெளியே ஒரு பஸ் நின்று, நடத்துநர் விசில் கொடுத்து, போனது.

"முதல் தடவை எப்படிச் செத்தேன்?"

"கிணத்துல விழுந்தே."

"கீழ பாக்கிறேன்னு நான்..."

"மேல பாக்கிறேன்னு சொன்னே. வௌவால் இருக்கும்னு."

தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த நிறைமதியின் தோள் குலுங்கியது. சத்தம் வராமல் சமாளித்தாள். பிறகு முடியவில்லை.

சிவகடாட்சம் கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் தாளை எடுத்து, ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஹமீதா இருந்தார்.

"அவ பள்ளத்துல கிடக்கா," என்றார் குரு. "மூணு வாரமா. நீ என்ன பண்றே?"

சீடர் சட்டைப் பையைத் தடவினார். பேனா இருந்தது. பஸ் டிக்கெட் இருந்தது. வேறொன்றும் இல்லை.

"நிறைமதி," என்றார். "கொற்றியோட தாள் இருக்காம்மா?"

அவள் ஃபைலைத் திறந்தாள். இருந்தது. மூன்று வாரமாக எங்கே போனாலும் கூடவே எடுத்துப்போயிருக்கிறாள் என்பது அதன் மூலைகளைப் பார்த்தாலே தெரிந்தது.

"குடு. அழிச்சிடலாம்."

"எதை அங்கிள் அழிப்பீங்க? நான்தான் எழுதவே இல்லையே."

அவர் விழித்தார். வழக்கம் வழக்கம்தான். எழுதாததை அழிக்க முடியாது. வாதத்தில் அவள் பக்கம்தான் நியாயம் இருந்தது.

நிறைமதி கொற்றியின் தாளைப் பார்த்தாள். பிறகு அந்தக் கறுப்புக் காப்பியைப் பார்த்தாள். இருபத்தொண்ணு, எட்டு. இருபத்தொண்ணு, எட்டு.

குருவின் மேஜைமேல் கயிற்றில் கட்டியிருந்த பேனாவை விட்டுவிட்டு, தன் பையில் தேடி ஒரு பென்சிலை எடுத்தாள். மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையின் தேதியை அந்தக் கோட்டின்மேல் எழுதினாள். தெளிவாக எழுதினாள். எழுதும்போது கண் கலங்கியது. இதைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கவில்லை.

தாளைச் சிவகடாட்சத்தின் பக்கம் தள்ளினாள்.

"எழுதிட்டேன்," என்றாள். "நீங்க என்ன பண்றீங்க?"

சிவகடாட்சம் ஹமீதாவைப் பார்த்தார்.

ஹமீதா மேஜை டிராயரின் பிடியில் கை வைத்திருந்தார். திறக்கவில்லை.

அப்போதுதான் சிவகடாட்சத்துக்கு விதி ஞாபகம் வந்தது: கேட்டால்தான் குரு பதில் சொல்வார்.

"குருவே," என்றார். "ரப்பர் இருக்கா?"

"இருக்கு," என்றார் குரு.