நாற்பத்தொரு பேச்சு

அந்த மடத்தில் எந்தப் பொருளின் மேலும் பெயர் எழுதமாட்டார்கள். தட்டு, குடை, போர்வை எதிலும் எழுத்து கிடையாது. மழை வந்தால் கைக்கு எட்டிய குடையை எடுத்துக்கொண்டு போகலாம். யாருடைய குடை என்று யாரும் கேட்கமாட்டார்கள். மறைந்த பெரியவர் வைத்துவிட்டுப் போன வழக்கம் அது.

அதனால்தான் அந்தப் புதன்கிழமை காலை ஆதிமூலத்தின் மேசையில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள், ஒரே கறுப்பில், ஒரே அளவில், ஒரு புள்ளி மைகூட இல்லாமல் கிடந்தன.

ஒன்று பழையது. பெரியவர் ஒன்பது ஆண்டுகளாகப் பேசிய நானூற்றுப் பன்னிரண்டு பேச்சுகள் அதில் இருந்தன. மற்றது புதியது. பழையதில் இருப்பதை நகல் எடுத்து வைப்பதற்காக அப்போதுதான் வாங்கியிருந்தார்கள். அதுவரை வேறு நகல் எங்கும் இல்லை. நகல் எடுக்கும் முன் புதியதைச் சுத்தமாகத் துடைத்துத் தயார் செய்ய வேண்டும்.

ஆதிமூலம் நில அளவை அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் வரைபடம் போட்டவர். ஒரு கோடு மயிரிழை விலகினாலும் கண்டுபிடித்துவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு மடத்துக்கு வந்து, பெரியவரின் பேச்சுகளைப் பதிவு செய்து பாதுகாக்கும் வேலையை ஏற்றுக்கொண்டவர்.

அவர் ஒன்றைக் கணினியில் செருகினார்.

‘இதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?’ என்று திரை கேட்டது.

சம்மதம் என்று அழுத்தினார். பிறகு மற்றதைச் செருகித் திறந்தார்.

அது காலியாக இருந்தது. புத்தம் புதியது வேறு எப்படி இருக்கும்?

மணி பத்து. துடைத்தது பழையதை என்று ஆதிமூலத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் மரகதத்தின் குரல் கேட்டது. மடத்துச் சமையல்கட்டு அவள் பொறுப்பு.

“அண்ணாச்சி, என் உப்புப் பாயசத்தை எடுத்து வச்சாச்சா?”

வெள்ளிக்கிழமை பெரியவரின் குருபூசை. ஆண்டுதோறும் அன்று ஒரு பேச்சைப் போட்டுக் கேட்பார்கள். எந்தப் பேச்சு என்பதை மடத்தில் உள்ளவர்களில் ஒருவர் சொல்ல வேண்டும். இந்த ஆண்டு மரகதத்தின் முறை. பெரியவர் பேசத் தொடங்கிய முதல் ஆண்டில், அவள் மடத்துக்கு வந்த முதல் மாதத்தில், பாயசத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கொட்டிவிட்டாள். பெரியவர் முகம் சுளிக்காமல் முழு டம்ளரையும் குடித்தார். அன்று மாலை பேசிக்கொண்டிருக்கும்போது அதை நினைத்துச் சிரித்துவிட்டார். ஒன்பது ஆண்டுப் பேச்சில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு முறைதான். மரகதம் கேட்டது அந்தப் பேச்சை.

“எடுக்கணும்” என்றார் ஆதிமூலம்.

“என்ன, மொகம் இட்லித் துணி மாதிரி வெளுத்துக் கெடக்கு?”

“தலைவலி.”

“காப்பி கொண்டாறேன். சர்க்கரைதான் போடுவேன், பயப்படாதீங்க.”

அவள் சிரித்துக்கொண்டே போனாள். அவள் போன பிறகு ஆதிமூலம் கதவைச் சாத்தினார்.

கால் மணி கழித்து ஜன்னலருகே ஒரு நிழல் நின்றது. மங்கை அம்மா. பெரியவருக்குப் பின் மடத்தை நடத்துகிறவர். ஆதிமூலத்தைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் அவர் எதிரே ஆதிமூலம் உட்கார்ந்து பேசியதில்லை.

“எல்லாம் சரியா இருக்கா?”

“சரியா இருக்கு, அம்மா.”

அம்மா இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார்.

உள்ளே வந்து பார்த்தால் என்ன ஆகும் என்று ஆதிமூலம் நினைத்தார். திரையில் ஒன்றுமே இல்லை. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துபோகும். அவசர அவசரமாகத் தேடியதில், போன ஆண்டுத் தேரோட்டத்தின் வீடியோக்கள் கணினியிலேயே இருந்தன. துடைத்துவிட்ட பழைய டிஸ்க்கை மறுபடி செருகி, அவற்றை அதில் போட்டு வைத்தார். எட்டிப் பார்ப்பவர் கண்ணுக்கு இப்போது அது காலியாகத் தெரியாது. கொஞ்சம் மூச்சு வந்தது.

பிறகு டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு, காப்பிக்குக்கூட நிற்காமல், தென்காசிக்குப் பஸ் ஏறினார்.

சேக் மைதீன் கடையில் கணினி பழுது பார்ப்பார்கள். அழிந்ததை மீட்டும் கொடுப்பார்கள். ஆதிமூலம் நடந்ததைச் சொன்னார். சேக் மைதீன் டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“எதுக்கு அண்ணாச்சி இப்படி நடுங்குறீங்க? அழிஞ்சதுன்னு சொன்னாலும் அழியல.”

“திரையில் ஒன்றும் இல்லையேப்பா.”

“குத்தாலத்துல ஒரு லாட்ஜுன்னு வைங்க. வரவேற்புல இருந்த நோட்டைக் கிழிச்சுப் போட்டாச்சு. ஆளுங்க ரூம்ல அப்படியேதான் தூங்குறாங்க. நான் ஒவ்வொரு கதவா தட்டி எழுப்பிக் கூட்டிட்டு வரணும், அம்புட்டுதான்.”

ஆதிமூலத்துக்கு அழுகை வரும் போலிருந்தது.

“ஆனா ஒண்ணு. நோட்டு இல்லாததால ரூம் காலின்னு நெனச்சுப் புது ஆளை உள்ள விட்டோம்னா, பழைய ஆளு போனது போனதுதான். அழிச்ச பெறவு இதுல எதையாச்சும் போட்டீங்களா?”

“இல்லை” என்றது ஆதிமூலத்தின் வாய்.

“அப்பச் சரி. நாலு மணிக்கு வாங்க.”

நாலு மணி வரை ஆதிமூலம் எதிர்க்கடைப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போனபோது சேக் மைதீன் கேலி பேசவில்லை.

“அண்ணாச்சி, தேரோட்டத்தை யாரு போட்டது?”

ஆதிமூலம் துண்டை உதறி மடிக்கத் தொடங்கினார்.

“பத்து இருபத்தெட்டுக்குப் போட்டிருக்கு. நேரம் அதுலயே பதிவாகியிருக்கு.”

“நான்தான்.”

“பத்து மணிக்கு நானூத்திப் பன்னெண்டும் உள்ளதான் இருந்துச்சு. ஒண்ணுகூடப் போகல. தேரு வந்து முன்னால இருக்கிற ரூம்ல உக்காந்துட்டுது. மொத வருசத்துப் பேச்சு நாப்பத்தொண்ணு போயிட்டுது. மிச்சம் எல்லாத்தையும் வேற டிஸ்க்குல எடுத்துட்டேன்.”

ஒவ்வொரு பேச்சின் தொடக்கத்திலும் தேதியை வாயால் சொல்வது ஆதிமூலத்தின் பழக்கம். மீண்டு வந்ததில் ஆகப் பழைய பேச்சு எது என்று பார்த்துப் போட்டுக் கேட்டார். தேதி சொல்லும் அவருடைய குரல் கேட்டது. இரண்டாம் ஆண்டின் முதல் மாதம். அதற்கு முந்தியது எதுவும் இல்லை. உப்புப் பாயசம் இல்லை.

மடத்துக்குத் திரும்பும்போது மணி ஏழு. மங்கை அம்மா கூடத்தில் தனியாக இருந்தார். ஆதிமூலம் அவர் முன்னால் டிஸ்க்கை வைத்தார். பொத்தானை அழுத்தியது, மரகதத்திடம் தலைவலி என்றது, தேரோட்டம், கடையில் சொன்ன பொய், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்.

அம்மா டிஸ்க்கைக் கையில் எடுத்தார்.

“மரகதம் கேட்ட பேச்சு?”

“போன நாற்பத்தொன்றில் அதுவும் ஒன்று.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சிரிப்பை அவரும் நேரில் கேட்டவர்.

“நான் ஜன்னல்கிட்ட வந்தப்போ மணி என்ன?”

“பத்தே கால்.”

“அப்போ அந்தச் சிரிப்பு இருந்துச்சா?”



“இருந்தது, அம்மா.”

சமையல்கட்டுப் பக்கமிருந்து கிரைண்டர் ஓடும் சத்தம் வந்தது.

“மரகதத்துக்குச் சொல்லியாச்சா?”

“இல்லை. நீங்கள் சொன்னால்...”

“நான் அழிக்கலையே.”

“எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மா. அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? குருபூசைக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது. இந்தப் பயம் கொஞ்சம் தெளியட்டும். நாளைக்குச் சொல்கிறேன். பயம் தெளிய நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்.”

“கையை நீட்டுங்க.”

ஆதிமூலம் வலது கையை நீட்டினார். விரல்கள் நடுங்கின.

“காலையிலயும் இப்படித்தான் நடுங்குச்சா?”

“இதைவிட அதிகம்.”

“தேரோட்டத்தை எந்தக் கையால போட்டீங்க?”

ஆதிமூலம் தன் கையைப் பார்த்தார்.

“இந்தக் கையால்தான்.”

“நடுங்கிக்கிட்டே அதைச் செய்ய முடிஞ்சிருக்கு. நடுங்கிக்கிட்டே போய் சமையல்கட்டுக் கதவைத் தட்டுங்க.”