ஈட்டி வைத்திருப்பவனுக்கே இலை

ஒரே ஒரு நாட்டில், ஒரே ஒரு ஆறு ஓடியதாம். அதற்கு மேலக்கரை ஒன்று, கீழக்கரை ஒன்று. இந்தக் கரைப் பெண்ணை அந்தக் கரையில் கட்டிக்கொடுப்பார்கள், அந்தக் கரைப் பெண்ணை இந்தக் கரைக்குக் கூட்டி வருவார்கள், ஆற்றில் தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆள் போக்குவரத்து ஓயாதாம். அப்புறம் என்ன ஆயிற்று, ராஜா செத்துப்போனார். யாருக்குப் பட்டம் என்று சொல்லாமலே செத்துப்போனார். மூத்த மகன் மேலக்கரையைப் பிடித்துக்கொண்டான், இளைய மகன் கீழக்கரையைப் பிடித்துக்கொண்டான், முழு நாடும் எனக்குத்தான் என்று இவன் சொல்ல, எனக்குத்தான் என்று அவன் சொல்ல, வெட்டு என்ன, குத்து என்ன, தீ வைப்பு என்ன! செத்தவர்களில் ஒருவருக்காவது பட்டம் கட்டிக்கொள்ளும் ஆசை இருந்ததா என்று கேளுங்கள். யாருக்கும் கிடையாது.

மேலக்கரையில் காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். கல்யாணமோ கருமாதியோ, நூறு இலைக்கு மேல் போனால் அவள்தான் வந்து அடுப்பு மூட்ட வேண்டும். அவளுக்கு ஒரே மகள், அரும்பாயி. கீழக்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். சண்டை மூளுவதற்கு முந்தின மாதம்தான் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது அந்த நாட்டில் மாறாத வழக்கம். அது மட்டுமா, அரும்பாயி சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு கோணிப்போனவள். அந்த இடுப்பு தெரிந்து பிள்ளை எடுக்கக்கூடிய மருத்துவச்சி மேலக்கரையில்தான் இருந்தாள். ஒன்பதாம் மாதத்துக்குள் மகள் ஆற்றைத் தாண்டவில்லை என்றால் மகளும் இல்லை, பிள்ளையும் இல்லை. காத்தாயிக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தச் சேதியெல்லாம் சுற்றியிருந்த ஏழு நாட்டு ராஜாக்கள் காதிலும் விழுந்தது. நல்லவர்கள்தான், மனசு கேட்கவில்லை. ஆளுக்கு நூறு பேராக எழுநூறு பேரை அனுப்பினார்கள். அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெள்ளைக் குடை. அந்தக் குடை நிழலில் நிற்பவரை யாரும் தொடக்கூடாது என்று சட்டம். ஏழு ராஜாக்களுக்கும் தலைவர் வச்சிரசேன ராஜா. குடைக்காரர்களுக்குத் தளபதி திம்மராயன். மலைநாட்டுக்காரன், நம் வெயில் தாங்காமல் மோரும் கையுமாக அலைவான்.

குடை என்ன கிழிக்கும் என்று சிரிக்கிறீர்களா? சிரிக்காதீர்கள். எழுநூறு குடையும் ஆற்று மணலில் விரிந்து நின்ற அன்றைக்கே சண்டை நின்றது. இரண்டு கரைப் பிள்ளைகளும் இறங்கிக் குளித்தார்கள். பொய் சொல்லக்கூடாது, நின்றது.

அப்புறம் வச்சிரசேன ராஜா சமாதான விருந்து வைத்தார். காத்தாயி சமைத்தாள். மணலில் இரண்டே இரண்டு இலை. மூத்தவனுக்கு ஒன்று, இளையவனுக்கு ஒன்று. காத்தாயி கரண்டியோடு போய்க் கேட்டாள்:

"ராசா, எங்களுக்கு இலை?"

"உன் கையில ஈட்டி இருக்கா?"

"இல்லைங்க, கரண்டிதான் இருக்கு."

"சண்டை போடுறவங்கதானேம்மா சமாதானம் பேசணும்? ஈட்டி வச்சிருக்கவனுக்குத்தான் இலை. நீ போய்க் குழம்பைப் பாரு."

காத்தாயி குழம்பைப் பார்த்தாள். அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சமாதானம் ஆயிற்று என்று சொல்லி, அடுத்த பௌர்ணமிக்கு எழுநூறு குடையும் மடங்கிப் புறப்பட்டுப் போயிற்று. எட்டாம் நாள் கீழக்கரையில் வைக்கோல் போர் எரிந்தது. ஒன்பதாம் நாள் மேலக்கரையில் வீடு எரிந்தது. பத்தாம் நாள் எரிந்ததை எண்ண ஆளில்லை.

மறுபடி குடை வந்தது, மறுபடி சண்டை நின்றது, மறுபடி விருந்து. இந்தத் தடவை ஐந்து இலை! ஏன் என்றால், கீழக்கரையில் செக்கு ஆட்டிக்கொண்டிருந்த சடையப்பன் என்பவன் யோசித்தான். 'செக்கு ஆட்டினா யாரு மதிக்கிறா? ஈட்டி எடுத்தா ராஜா பக்கத்துல இலை.' இருபது பேரைச் சேர்த்தான், ஒரு ஊரைக் கொளுத்தினான், நேரே வந்து பந்தியில் உட்கார்ந்தான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். காத்தாயி மறுபடி கரண்டியோடு போனாள்.

"ராசா, ஊரைக் கொளுத்துனவனுக்கு இலை, கொளுத்தின ஊர்க்காரிக்கு இல்லையா?"

"ஈட்டி வச்சிருக்கவனுக்குத்தான் இலைன்னு போன தடவையே சொன்னேனே!"

இந்தத் தடவை குடை திரும்பிப் போகவில்லை, அங்கேயே நின்றது. ஆனால் வச்சிரசேன ராஜா ஓர் உத்தரவு போட்டார். 'குடைக்காரர்கள் பார்க்கலாம், ஓலையில் எழுதலாம், யாரையும் தொடக்கூடாது.' நல்லா இருக்கிறதா உத்தரவு?

ஏழாம் மாதம் வந்தது. அரும்பாயிக்கு வளையல் அடுக்கி, அவள் மாமியார் மாடத்தியே வண்டி கட்டிக் கூட்டிவந்தாள். ஆற்றங்கரையில் சடையப்பன் ஆட்கள் மறித்தார்கள்.

"யாரும் தாண்டக்கூடாது."

"ஏண்டா, பிள்ளைத்தாச்சியடா! வயித்துல இருக்கறது எந்தக் கரைன்னு நீ கண்டியா? வழியை விடுறா" என்று மாடத்தி வண்டியிலிருந்து இறங்கி நடந்தாள். ஒருத்தன் ஈட்டியை எறிந்தான். மாடத்தி விழுந்தாள். பத்தடி தூரத்தில் குடைக்காரர்கள் நின்றார்கள். பார்த்தார்கள். எழுதினார்கள். தொடவில்லை. வண்டி மருமகளை மட்டும் சுமந்துகொண்டு திரும்பிப் போயிற்று.

அன்று மாலை திம்மராயன் அந்த ஈட்டியை எடுத்துக்கொண்டு காத்தாயி வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

"எங்க வந்தே? எழுத மறந்துபோன எழுத்து ஏதாவது பாக்கி இருக்கா?" என்றாள் காத்தாயி.

"அம்மா, என் நாட்டுல எனக்கும் ஒரு அக்கா உண்டு. நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன்."

"உன் கையை யாரு கட்டினா?"

"உத்தரவு."

"என் சம்பந்தியோட உசுருக்கு உன் ஓலையில எத்தனை வரி?"

"ஒரு வரி" என்று சொன்னவன் உடைந்து அழுதான். ஆறடி ஆள், சின்னப் பிள்ளை மாதிரி. காத்தாயிக்கு அவனைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஈட்டியை வாங்கிப் பார்த்தாள். காம்பின் அடியில் ஒரு முதலை முத்திரை.

"இது சடையப்பன் ஆளு எறிஞ்சதுதானே?"

"ஆமாம்மா."

"எங்க மூத்த ராசா அரிசி அறையில நூறு ஈட்டி சாத்தி வச்சிருக்கானே, அதுலயும் இதே முதலைதான்! தம்பி, யாரோட முத்திரை இது?"

திம்மராயன் குனிந்து பார்த்தான். "எங்க தலைவரோடதும்மா. வச்சிரசேன ராஜா பட்டறை."

பார்த்தீர்களா? ஒரு கையால் குடை விரிக்கிறார், மறு கையால் இரண்டு கரைக்கும் ஈட்டி விற்கிறார். ஈட்டி வைத்திருப்பவனுக்குத்தான் இலை என்று ஏன் சொன்னார் என்பது இப்போது விளங்கியதா? இலைக்கு ஆசைப்பட்டவன் எல்லாம் அவர் பட்டறைக்குத்தானே போக வேண்டும்!

காத்தாயி கேட்டாள்: "அடுத்த பந்தியில நாங்க ஒரு காரியம் செய்யப் போறோம். நீ குடை பிடிப்பியா?"

"உத்தரவு..."

"உத்தரவைக் கேக்கலை. உன்னைக் கேக்கறேன்."

அவன் மோர்ச் செம்பை வைத்துவிட்டுப் போனான்.

ஒன்பதாம் மாதம். மூன்றாவது விருந்து. ஏழு ராஜாக்களும் வந்திருந்தார்கள். இரண்டு இலை ஐந்தாகி, ஐந்து இலை பதினொன்றாகிவிட்டது. பதினொரு பேரோடு வரும் ஆட்களுக்கெல்லாம் ஒருத்தி அடுப்பு பற்றாது என்று சொல்லி, காத்தாயி கீழக்கரைச் சமையல்காரிகளையும் வரவழைத்தாள். இரண்டு கரைப் பெண்களும் பல மாதத்துக்கு அப்புறம் அந்தக் குடை நிழலில்தான் முகம் பார்த்துக்கொண்டார்கள். காய் நறுக்கினார்கள், அழுதார்கள், ரகசியம் பேசினார்கள். குடை மட்டும் இல்லையென்றால் அந்தப் பேச்சுக்கு இடமே இருந்திருக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த நாட்டில் இன்னொரு வழக்கம். பந்தியில் சோற்றில் கை வைத்துவிட்டால் பாயசம் ஊற்றிக் குடிக்கும்வரை எழுந்திருக்கக்கூடாது. நடுவில் எழுந்தவன் வீட்டில் ஏழு தலைமுறைக்கு யாரும் கை நனைக்க மாட்டார்கள். பதினொரு பேரும் முதுகுக்குப் பின்னால் மணலில் ஈட்டியை ஊன்றிவிட்டு உட்கார்ந்தார்கள், அவர்களுடைய ஆட்களும் அப்படியே ஊன்றிவிட்டு அடுத்த வரிசைகளில் தரையில் மண்சட்டியோடு உட்கார்ந்தார்கள். சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது, எல்லோரும் பிசைந்தார்கள். காத்தாயி கரண்டியால் அண்டாவை ஒரு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான், பரிமாறிய பெண்கள் அத்தனை பேரும் பின்பக்கம் போய் ஈட்டிகளைப் பிடுங்கி நடு மணலில் குவித்தார்கள்.

"ஏய், என்னடி இது!" என்று மூத்தவன் கத்தினான்.

"எந்திரிக்காதே ராசா, பாயசம் வரலை" என்றாள் காத்தாயி.

இளையவன் எழப்போனான், ஏழு தலைமுறையை நினைத்து உட்கார்ந்துவிட்டான். சடையப்பன் மட்டும், 'வழக்கமாவது மண்ணாவது' என்று எழுந்து குவியலைப் பார்த்து ஓடினான். அப்போது ஒரு வெள்ளைக் குடை படாரென்று விரிந்து குறுக்கே விழுந்தது. திம்மராயன்! அவனுக்குப் பின்னால் எழுநூறு குடையும் குவியலைச் சுற்றி வளையமாக நின்றது. சடையப்பன் தன் இலைக்கே திரும்பி உட்கார்ந்தான்.

"தொடாதேன்னு உத்தரவு போட்டேனே!" என்று வச்சிரசேன ராஜா அலறினார்.

"உத்தரவு போட்டவர் முத்திரையைத்தான் தேடிக்கிட்டிருக்கேன், மகாராஜா" என்று திம்மராயன் ஓர் ஈட்டியை எடுத்து மற்ற ஆறு ராஜாக்களிடமும் காட்டினான். முதலை. இன்னொன்று எடுத்தான். முதலை. மூன்றாவதும் முதலை. ஆறு ராஜாக்களும் தலைவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்ல எனக்கு வாய் போதாது.

அப்புறம் பெண்கள் எதிர் வரிசையில் இலை போட்டுத் தாங்களே உட்கார்ந்தார்கள். எரிந்த ஊர்க்காரர்களும் உட்கார்ந்தார்கள். இனி ஈட்டி யாருக்கும் இல்லை, இலை எல்லோருக்கும்.

"முழு நாடும் எனக்கு..." என்று மூத்தவன் ஆரம்பித்தான்.

"பாயசம் ஊத்த மாட்டேன். கை காஞ்சு போகட்டும். முதல்ல ஆத்தைத் திற" என்றாள் காத்தாயி.

பேசினார்கள். வெயில் சாயும்வரை பேசினார்கள். பதினொரு வலதுகையும் குழம்போடு காய்ந்து பலகையாயிற்று, பேச்சு முடியவில்லை. ஆனால் ஆறு திறந்தது. குடை மூன்று அறுவடைவரை நிற்கும், நிற்பவன் கை கட்டி நிற்கமாட்டான், முதலை முத்திரை ஈட்டி ஏற்றிய படகு எந்தத் துறைக்கும் வராது என்று ஆறு ராஜாக்களும் ஒத்துக்கொண்டார்கள். பட்டம் யாருக்கு என்ற பேச்சு? அது அதற்கப்புறம் இரண்டு வருஷம் நடந்தது. நடக்கட்டுமே! பேச்சு நீளமானால் யாரும் சாவதில்லை.

அன்றைக்கே திம்மராயன் குடை பிடிக்க, அரும்பாயி மணலைத் தாண்டி வந்தாள். மூன்றாம் நாள் மருத்துவச்சி இடுப்பறிந்து எடுத்துக் கொடுத்தாள் ஒரு பெண் குழந்தையை. மாடத்தி என்று பேர் வைத்தார்கள்.

வச்சிரசேன ராஜாவுக்கு என்ன தண்டனை? கொல்லலாம் என்று ஒரு ராஜா சொன்னார். 'வேண்டாம், செத்தா அவருக்கு ஒரு நாள்தான் வலிக்கும்' என்றார்கள் பெண்கள். குவியலில் இருந்த ஒவ்வொரு ஈட்டியையும் ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து, ஆளைப் பறிகொடுத்த வீடு ஒவ்வொன்றுக்கும் நடந்து போய், 'இது என் பட்டறையில் அடிச்சது' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் வீடு மாடத்தி வீடு. அதற்கப்புறம் இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு. இன்னும் பாதிகூட முடியவில்லையாம், நடந்துகொண்டேதான் இருக்கிறாராம்.

குடை பிடித்தால் சண்டை முடியுமா என்று கேட்டால், நிற்கும் என்பேன். முடிக்க வேண்டுமானால், செத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் இலை போடுங்கள், ஈட்டி விற்பவனைப் பந்தித் தலைவனாக்காதீர்கள். இரண்டு கரைக்காரர்களும் ஆற்றைத் தாண்டி வீடு போய்ச் சேர்ந்தார்கள், கதையும் சேர்ந்துவிட்டது.