வலைக்கு அடியில் விழுந்த முட்டைகள்

மலையடிவாரத்து மீன் பண்ணையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் செவ்வரி மீன்கள் சில இருந்தன. அவை வாழ்ந்த ஓடையின் மணலை ஆட்கள் அள்ளி அள்ளி அந்த இனமே அற்றுப்போகும் நிலை. மிஞ்சியவற்றைப் பண்ணைக்காரர் பிடித்து வந்து வளர்த்தார்.

கிழட்டு மீன் கருவாலன், தான் பிடிபட்ட நாளை மறக்கவே இல்லை. பண்ணைக்காரர் போடும் இரையையும் அவரை முறைத்துக்கொண்டேதான் தின்னும்.

ஒருநாள் அதன் பெண்டாட்டி செந்துடுப்பி முட்டையிட்டது. தொட்டியின் அடியில் பண்ணைக்காரர் நூல்வலை விரித்திருந்தார். முட்டைகள் வலைக்குக் கீழே விழுந்து மறைந்தன.

"பாத்தியா புள்ள? நம்மளப் பிடிச்சது போதாதுன்னு முட்டையையும் திருடுறான்."

"ஓடையில மட்டும் என்ன? போட்ட முட்டையைத் தண்ணி இழுத்துட்டுப் போயிரும். என்னிக்காவது தேடினியா?" என்றது செந்துடுப்பி.

அதுதான் கருவாலனைக் குடைந்தது. இத்தனை வயதாகியும் தன் முட்டை எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது.

ஓடைக் கூழாங்கற்களோடு வந்த நண்டு ஒன்று, கருவாலனின் கொத்துக்குப் பயந்து மூலையில் பதுங்கியிருந்தது. அது மெல்லத் தலை நீட்டியது.

"அண்ணே, ஒரு வார்த்தை சொல்லுங்க. வலையை அறுத்துடறேன்."

"உனக்கு அதுல என்னடா லாபம்?"

"நாம ஒரே ஓடைக்காரங்க இல்லையா?"

"வேண்டாம்யா," என்றது செந்துடுப்பி. கருவாலன் கேட்கவில்லை. "எக்கேடோ கெட்டுப் போ" என்று செந்துடுப்பி மறுமுனைக்குப் போய்விட்டது.

நண்டு அறுத்தது. நண்டும் கருவாலனும் உள்ளே நுழைந்தன. இருட்டில் கருவாலன் வாயில் ஏதோ பட்டது. வழுவழுவென்று, நல்ல ருசி. விழுங்கியது. இன்னொன்றையும் விழுங்கியது. நிறுத்த முடியவில்லை.

"இரையெல்லாம் இங்கதான் கிடக்கு. முட்டை எங்கடா?"

"நீங்க முழுங்கினதுதான்," என்றது நண்டு, மென்றபடியே. "ஓடைத் தண்ணி உங்க வாய்க்குத் தப்பவச்சுது. இங்க இந்த வலை தப்பவச்சுது. என்கிட்டயிருந்தும்தான்."

கருவாலன் விறைத்துப்போனது. நண்டை முட்டி வெளியே தள்ளியது. தானும் வெளியேறி, ஓட்டையை உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றது.

செந்துடுப்பி வந்தது. "பாத்தியா? எப்படி இருந்துச்சு?"

பண்ணைக்காரர் வந்து வலையைத் தைக்கும்வரை கருவாலன் அங்கிருந்து அசையவில்லை.

ஒருவர்மேல் உள்ள கோபத்தில் அவர் செய்வதெல்லாம் கெடுதல் என்று முடிவு கட்டினால், நம்முடையதை நாமே அழித்துவிடுவோம்.