ஏழு நிலாக் கோளைக் கூறு போட்ட கதை

முட்டாள்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், எந்த ஊர்க்காரரும் பக்கத்து ஊரைத்தான் கைகாட்டுவார். சாய்ந்தான்குளத்தைச் சுற்றி எட்டு ஊர். எட்டும் சாய்ந்தான்குளத்தையே கைகாட்டும். சாய்ந்தான்குளத்துக்காரர்களிடமே போய்க் கேட்டால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். "நம்ம ஊருக்கா வழி கேக்குறீங்க, வாங்க" என்று கூடவே வந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

அந்த ஊரில் ஒரு கிளை நூலகம் இருந்தது. நூலகர் மாற்றலாகிப் போய் மூன்று வருஷம் ஆகிறது. சாவி வாசகர் வட்டத்தின் செயலாளர் பெர்னதெத்திடம் இருந்தது. பெர்னதெத்து கான்வென்டில் படித்தவள். ஓரத்தில் கோடு கிழிக்காமல் ஒரு வரி எழுத மாட்டாள். எட்டு மாதக் கைக்குழந்தைக்காரி. குழந்தை அழுதால் ஏன் அழுகிறது என்று பயம். தூங்கினால் ஏன் அழவில்லை என்று பயம். தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். அதில் குழந்தை விழித்துக்கொள்ளும். விழித்தால் அழும்.

அந்தக் குழந்தை உலகத்திலேயே ஓரிடத்தில்தான் தூங்கும். நூலகத்து மின்விசிறிக்குக் கீழே. வீட்டிலும்தான் விசிறி இருந்தது, ஆனால் அது சத்தம் போடாத விசிறி. நூலகத்து விசிறி 'கடக், கடக்' என்று எருமை அசைபோடுவது மாதிரிச் சுற்றும். அந்தச் சத்தத்தில்தான் பாப்பா கண்ணை மூடுவாள். பெர்னதெத்து நூலகத்தைத் திறந்து வைத்திருந்ததற்கு முதற்காரணம் இது. இரண்டாவது காரணம் என்று ஒன்று இல்லை.

ஒருநாள் நகரத்து அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சாய்ந்தான்குளம் கிளையில் யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. ஆகவே, புகழ்பெற்ற பழைய அறிவியல் புனைகதைத் தொடரான 'ஏழு நிலாக் கோள்' ஐந்து பாகங்களையும் வாசகர் வட்டத்தினர் சமமாகப் படித்து, பத்தாம் நாள் நூலகத்திலேயே கூடி, அதிகாரியின் முன்னிலையில் கருத்துப் பகிர வேண்டும். தவறினால் கிளை மூடப்படும். மேசை, நாற்காலி, மின்விசிறி அனைத்தும் அன்றே நகரத்துக்கு எடுத்துச் செல்லப்படும்.

மேசை, நாற்காலியைப் படித்தபோது பெர்னதெத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த சொல்லைப் படித்ததும் கை கால் ஓடவில்லை.

வட்டத்தில் மொத்தம் நான்கு பேர். தலைவர் சிங்கராயர், ஞாயிற்றுக்கிழமை ஆடு அடித்து ஊருக்குக் கூறு போடுகிறவர். பணியாரக் கடை வியாகுலம்மாள். தண்ணீர்த் தொட்டி மோட்டார் போடும் சூசை. நாலாவது பெர்னதெத்து. அன்று சாயங்காலமே கூடினார்கள். ஐந்து புத்தகமும் மேசையில் இருந்தன. ஒவ்வொன்றும் செங்கல் கனம். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்றாள் பெர்னதெத்து. ஐந்தாவதை யார் படிப்பது என்று கேட்டார் சூசை. அது போக, யுத்தமெல்லாம் மூன்றாம் பாகத்தில் இருந்து, கல்யாணமெல்லாம் ஐந்தாம் பாகத்தில் இருந்தால், அது எப்படிச் சமம் ஆகும் என்று வியாகுலம்மாள் கேட்டாள்.

சிங்கராயர் கொஞ்ச நேரம் புத்தகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றைத் தடவிப் பார்த்தார். ஒன்றை எடுத்து முதுகை அமுக்கியும் பார்த்தார்.

"ஒருத்தருக்குத் தொடை, ஒருத்தருக்குக் குடல்னு நான் என்னைக்காவது குடுத்திருக்கேனா? ஒவ்வொரு கூறுலயும் ஈரல் ஒரு துண்டு, எலும்பு ஒரு துண்டு, கறி ஒரு துண்டு இருக்கும். சமமாப் படிக்கணும்னு சர்க்கார் சொல்லியிருக்கு. சமமாக் கூறு போட்டுருவோம்" என்றார்.

இவ்வளவு நேரம் இது தோன்றாமல் போயிற்றே என்று மற்ற மூவரும் வெட்கப்பட்டார்கள்.

மேசைமேல் நாலு வாழை இலை விரித்தார்கள். சிங்கராயர் கத்தியால் அட்டையைத் தனியே உரித்து, முதுகுத் தையலை நரம்பு எடுப்பதுபோல் எடுத்து, தாள்களை இலைக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே வந்தார். முதல் தாள் முதல் இலையில், இரண்டாம் தாள் இரண்டாம் இலையில். ஐந்து பாகமும் இப்படியே. பிறகு ஊர் வழக்கப்படி சூசை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். "இது யாருக்கு?" என்று சிங்கராயர் ஒரு கூறைத் தொட்டுக் கேட்க, சூசை திரும்பாமலே ஒரு பேரைச் சொன்னார். ஒருவரும் முணுமுணுக்க இடமில்லாமல் பங்கீடு முடிந்தது. ஆட்டுத் தோல், வெட்டினவருக்கு என்பது முறை. ஐந்து அட்டையையும் சிங்கராயர் எடுத்துப் போய், உப்புத் தடவிக் கொல்லையில் காயப்போட்டார். அந்த வாரம் வந்த தோல் வியாபாரி, நல்ல சிவப்பாக இருக்கிறது என்று நாலை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

ஒன்பது நாளும் ஊரில் படிப்புத்தான். பணியாரம் கருகியது. தொட்டி நிரம்பி வழிந்தது. பெர்னதெத்து விசிறிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டு, ஒரு தாளும் விடாமல் படித்தாள். ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையில் ஆட்கள் திடீரென்று வேறு கோளில் நின்றார்கள். அறிவியல் கதை என்றால் அப்படித்தான் வேகமாகப் பயணம் செய்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் காலையில் ஒரு சிக்கல் முளைத்தது. நூலகச் சுவரில் 'இங்கு பேசக் கூடாது' என்று ஒரு பலகை மாட்டியிருந்தது.

"இங்கதான் பேசணும்னு கடுதாசி சொல்லுது. இங்க பேசக் கூடாதுன்னு போர்டு சொல்லுது. ரெண்டுல எது பெரிசு?" என்றார் சிங்கராயர்.

"கடுதாசியில முத்திரை இருக்கு மாமா" என்றாள் பெர்னதெத்து.

"போர்டுல ஆணி இருக்கே, தங்கச்சி. முத்திரை தண்ணி பட்டா அழிஞ்சிரும். ஆணி அழியுமா?" என்றார் சூசை.

வெகுநேரம் யோசித்து, இரண்டுக்கும் மரியாதை குறையாதபடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பலகையை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு போய், தெருமுனை வேப்பமரத்தில் அடித்தார்கள்.

இப்போது நூலகத்தில் பேசலாம். தெருவில்தான் கூடாது. சாய்ந்தான்குளத்து ஜனங்கள் பலகைக்குக் கட்டுப்பட்டவர்கள். உப்பு விற்கிறவன் வீடு வீடாகப் போய்க் காதில் உப்பு என்று சொன்னான். பதினோரு மணி பஸ் வந்தது. டிரைவர் பலகையைப் பார்த்தார். அவரும் அந்த ஊர்க்காரர். என்ஜினை அணைத்துவிட்டு, பிரயாணிகளை இறங்கச் சொல்லிச் சைகை காட்டினார். எல்லோரும் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸைச் சத்தமில்லாமல் தெருக்கோடி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். அப்படித் தள்ளினவர்களில் ஒருவர், வெள்ளைச் சட்டையும் தோல்பையுமாக, நகரத்திலிருந்து வந்த அதிகாரி தணிகாசலம்.

அவர் வியர்த்து வழிய நூலகத்துக்குள் நுழைந்தபோது கருத்துப் பகிர்வு ஆரம்பித்து அரைமணி ஆகியிருந்தது. பாப்பா தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பெர்னதெத்து ஒரு கண்ணைத் தூளியிலும் ஒரு கண்ணைக் குறிப்பேட்டிலும் வைத்திருந்தாள்.

"தளபதி இளமாறன் சுத்த சோம்பேறி" என்று சூசை சொல்லிக்கொண்டிருந்தார். "கப்பல் கதவைத் திறக்கிறான். அதோட சரி. அஞ்சு பாகத்துலயும் சேத்து நான் எண்ணினேன், பதினோரு தடவை திறக்கிறான். ஒரு தடவையாவது உள்ள போகணுமே."

"பொய் சொல்லாதீங்க. அவன் எப்பவும் உள்ளதான் இருக்கான். எப்படி வந்தான்னுதான் தெரியலை. கதவே இல்லாத கப்பல் அது" என்றாள் வியாகுலம்மாள்.

சிங்கராயர், இது மிகவும் சாந்தமான கதை என்றார். அவருடைய கூறில் ஒரு சண்டை இல்லை. எல்லோரும் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, கஞ்சி குடித்துக்கொண்டு, ஏழு நிலாவையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காயம் எப்படிப் பட்டது என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை; அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"என் கூறுல தளபதி மூணு தடவை செத்துப்போறாரு மாமா" என்றாள் பெர்னதெத்து மெதுவாக. "ஒவ்வொரு தடவையும் அடுத்த தாள்ல எழுந்து உக்காந்து பேசுறாரு. நான் மூணு தடவையும் ஜெபம் சொன்னேன்."

"மூணு சாவும் உனக்கே விழுந்திருச்சா? நான் சமமாத்தானே போட்டேன்" என்று சிங்கராயர் வருத்தப்பட்டார்.

வியாகுலம்மாளுக்கு இதுதான் சமயம். தன் கூறில் வெறும் கணக்கும் படமுமாக, கடிக்க முடியாத எலும்பாக விழுந்திருக்கிறது என்றாள். அதோடு வேண்டாத யுத்தம் வேறு ஏழெட்டு. "யாராவது ஒரு கல்யாணம் குடுத்தா, ரெண்டு யுத்தம் தர்றேன்" என்றாள். சூசை தன்னிடம் ஒரு நிச்சயதார்த்தம்தான் இருக்கிறது, அதற்கு ஒரு யுத்தம் போதும் என்றார். குரல் ஏறியது. பெர்னதெத்து எழுந்து தூளிக்கும் அவர்களுக்கும் நடுவில் போய்க் கையை விரித்து நின்றுகொண்டாள். சத்தம் தன்மேல் பட்டு நின்றுவிடும் என்று நம்பினாள்.

அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, புத்தகங்களைக் காட்டுங்கள் என்றார். நாலு பேரும் நாலு கூறையும் இலையோடு கொண்டுவந்து வைத்தார்கள்.

தணிகாசலம் முப்பது வருஷ சர்வீஸில் எவ்வளவோ பார்த்தவர். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"கிளையை இன்னைக்கே மூடுறேன்" என்றார். "சாயங்காலம் வண்டி வரும். மூடுறதுக்கு முன்னால பதிவேட்டுல உள்ள புத்தகம் அத்தனையும் எண்ணிச் சரிபார்க்கணும், அது சட்டம். முதல்ல இதையெல்லாம் ஒண்ணு சேத்து, பக்க எண் வரிசையில அடுக்கித் தையுங்க."

பெர்னதெத்து மேலே பார்த்தாள். விசிறி கடக், கடக் என்று ஒன்றும் தெரியாததுபோல் சுற்றிக்கொண்டிருந்தது. கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி செய்து பழகியவள். எல்லாத் தாளையும் ஒன்று சேர்த்தாள். பக்க எண் வரிசையில் அடுக்கினாள். ஒன்றாம் பக்கம் ஐந்து இருந்தது, ஐந்தையும் வைத்தாள். அடுத்து மூன்றாம் பக்கம் ஐந்து. ஒரு தாளும் வரிசை தப்பவில்லை. சூசை கோணி ஊசியும் சணலும் கொண்டுவந்து தைத்தார். சிங்கராயர் மிச்சமிருந்த ஒரே அட்டையை உப்பைத் தட்டிவிட்டு மேலே போட்டார். முழங்கை உயரத்துக்கு ஒரு புத்தகம் எழுந்து நின்றது.

அதிகாரி பதிவேட்டைத் திறந்து எண்ணினார். மற்றப் புத்தகமெல்லாம் ஒருவரும் தொடாததால் சரியாக இருந்தன. 'ஏழு நிலாக் கோள்' என்ற இடத்துக்கு வந்தார்.

"அஞ்சு இருக்கணும்."

"ஆமா சார்" என்றார்கள்.

"ஒண்ணுதான் இருக்கு."

எல்லோரும் எண்ணிப் பார்த்தார்கள். ஒன்றுதான் இருந்தது. சூசை தள்ளி நின்று, ஓரமாக ஒருதரம், நேராக ஒருதரம் எண்ணினார். வியாகுலம்மாள் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். காலையில்கூட எல்லாம் இருந்ததே என்று சிங்கராயர் ஆச்சரியப்பட்டார்.

தணிகாசலம் சட்டப் புத்தகத்தை எடுத்து, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு பேனாவைத் திறந்து பதிவேட்டில் எழுதினார்: 'நான்கு நூல்களைக் காணவில்லை. அவை கிடைக்கும்வரை இக்கிளையை மூட விதியில் இடமில்லை. மேசை, நாற்காலி, மின்விசிறி இருந்த இடத்திலேயே இருக்கவும்.' தேதி போட்டுக் கையெழுத்திட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸைத் தள்ளப் போனார்.

பெர்னதெத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் உட்கார்வதற்குள் அடுத்த பயம் வந்துவிட்டது: அந்த நாலும் கிடைத்துவிட்டால்?

ஊர்க்காரர்கள் நேர்மையானவர்கள். சர்க்கார் சொத்து காணாமல் போனால் சும்மா இருக்க மாட்டார்கள். சூசை தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கித் தேடினார். வியாகுலம்மாள் கோயிலுக்கு நாலு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். கடைசியில் விளம்பரம் ஒட்டுவது என்று தீர்மானம் ஆயிற்று. செயலாளர்தானே எழுத வேண்டும். பெர்னதெத்து ஓரத்தில் கோடு கிழித்து, திருத்தமாக எழுதி, பஸ் நிற்கும் இடத்தில் ஒட்டினாள்.

'காணவில்லை. உடன்பிறந்தவர்கள் நான்கு பேர். வீட்டை விட்டுப் போகும்போது சிவப்பு அட்டை அணிந்திருந்தார்கள். ஐந்தாவது சகோதரர் மட்டும் நூலகத்தில் இருக்கிறார். வந்து பார்த்துக்கொள்ளலாம், முகச்சாயல் ஒன்றுபோலவே இருக்கும், அவர் மட்டும் கொஞ்சம் பருமன். கண்டவர்கள் அவசரப்பட்டு ஓடி வர வேண்டாம். குழந்தைக்கு நடை வந்து, பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு, ஒரு நல்ல நாளாகப் பார்த்து வந்து சொன்னால் போதும்.'